கிளிக்கு முன்னால் மரம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் வந்த என் டிஜிட்டல் ஓவியத்தைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விகாரமகாதேவி பூங்காப் பக்கத்துக் கிழட்டு மாரா மரம் ஒன்று பக்கம் முழுக்க நிற்கிறது. பொந்திலிருந்து ஒரு கிளி எட்டிப் பார்க்கிறது. மற்றது பக்கத்துக் கிளையில், சொல்ல வந்ததை மறந்துவிட்ட முகத்தோடு இருக்கிறது. அவ்வளவுதான் படம். சில கேள்விகளுக்குப் பதில் நீண்டுவிட்டது. பறவையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் பழைய குற்றச்சாட்டு.

படம் வடிவு. ஆனால் மரம்தான் முக்கால் பக்கம். கிளி இரண்டும் சேர்ந்து என் பெருவிரல் அளவுகூட இல்லை. கிளிப் படம் என்று போட்டுவிட்டு இப்படிச் செய்யலாமா அக்கா? (பம்பலப்பிட்டி வாசகி)

செய்யலாம் தங்கச்சி. ஒரு பின்னேரம் பூங்காவுக்குப் போய்க் கிளியைத் தேடிப் பாருங்கள். முதலில் கேட்பது கீச்சுச் சத்தம். பிறகு எந்த மரத்திலிருந்து வருகிறது என்று தேடுவீர்கள். மரத்தைக் கண்டுபிடித்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, எல்லாம் இலைதான் என்று கைவிடப் போகிற நேரத்தில் ஓர் இலை நகரும். கண் போகிற இந்த வழியில்தான் படமும் போக வேண்டும் என்று நினைத்தேன்.

கிளியைத் தனியாகக் கீறுவது பெரிய வேலை இல்லை. அப்படிக் கீறிய கிளியை வெட்டி மாமரத்தில் ஒட்டினாலும் பொருந்தும், தென்னையில் ஒட்டினாலும் பொருந்தும். அதில்தான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. கிளி ஒரு மரத்துக்கு வருவது ஒரு வேலையாகத்தான்: தின்ன, பொந்து பார்க்க, இல்லாவிட்டால் இரவு தங்க. என்ன வேலை என்று தெரிந்துவிட்டால் உடம்பு எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும். தின்ன வந்தது கிளை நுனியில் தலைகீழாகக்கூடத் தொங்கும். பொந்து பார்க்க வந்தது அடிமரத்தோடு ஒட்டி நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். தங்க வந்தது உச்சிக் கிளையில் இடத்துக்குச் சண்டை பிடிக்கும்.

அதனால் மரத்தைத்தான் முதலில் கீறுவேன். மாரா என்று சிங்களத்தில் சொல்லும் தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கொழும்பின் பழைய தெருக்களுக்கு நிழல் தருவதில் பெரிய பங்கு அதற்குத்தான். பின்னேரம் வெயில் இறங்கும்போது அதன் சிற்றிலைகள் சோடி சோடியாக மடியும், மழை மூட்டத்திலும் அப்படியே. மதியம் கூரையாக இருந்த கொப்பில் அந்த நேரம் வானம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். கிளியும் தெரியும். என் படத்தில் நேரம் பின்னேரம் ஐந்தே முக்கால். இலையைப் பாதி மடித்துக் கீறியிருப்பது அதற்காகத்தான்.

பொந்தில் உள்ள கிளிக்குக் கழுத்தில் வளையம் இல்லை. கிளையில் உள்ளதற்கு இருக்கிறது. மறந்துவிட்டீர்களா? பச்சையும் இரண்டுக்கும் ஒன்றாக இல்லை. (தெஹிவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சேர், நீங்கள் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு அனுப்பிய பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் புள்ளியைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டிவரும். பொந்தில் இருப்பது பெட்டை. நம் ஊர்ப் பச்சைக்கிளியில் கறுப்பும் ரோசாவுமான கழுத்து வளையம் வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான். அதுவும் பிறந்த உடனே வருவதில்லை. இரண்டு மூன்று வயதாக வேண்டும். ஆகவே வளையம் இல்லாதது பெட்டையாகவும் இருக்கலாம், இளம் சேவலாகவும் இருக்கலாம். அடை காப்பது பெட்டை என்பதால் பொந்தில் அதை வைத்தேன்.

பச்சைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கிளியின் இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இருப்பது மஞ்சள் சாயம். கிளி இனத்துக்கே உரிய இந்தச் சாயத்தை அது தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. அது ஒளியைச் சிதறடித்து நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அந்த நீலம் மஞ்சளைத் தாண்டி வரும்போது நாம் பச்சை என்கிறோம். கூண்டுகளில் விற்கும் நீலக்கிளி வேறு இனம் இல்லை, மஞ்சள் சாயம் அற்றுப் பிறந்த பச்சைக்கிளிதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் பச்சை நிறத்தைத் தொட்டே கிளி கீறுவதில்லை. கீழ் லேயரில், அதாவது படத்தின் அடித் தட்டில், கிளியின் உருவம் முழுக்க மஞ்சள். அதன்மேல் இன்னொரு லேயர், உருவத்துக்கு வெளியே நிறம் வழியாதபடி கிளிப்பிங் மாஸ்க் போட்டு, கீழ் நிறத்தோடு பெருக்கிக் காட்டும் மல்டிப்ளை முறையில் வெளிர் நீலம். கணக்குப் பிடித்தவர்களுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்ணும் தருகிறேன், ஒவ்வொன்றும் 255 வரை: மஞ்சள் 255, 230, 60, நீலம் 120, 200, 255. இரண்டும் பெருக்கப்பட்டு, 255ஆல் வகுபட்டு 120, 180, 60 என்று வரும் பச்சையைப் பாருங்கள், சொக்கிப் போவீர்கள். பிடரியிலும் வாலின் மேற்பக்கத்திலும் நீலத்தைக் கூட்டுவேன், வாலின் கீழ்ப்பக்கத்தில் அழித்துவிடுவேன். அங்கே உண்மையிலேயே மஞ்சள்தான் தூக்கலாகத் தெரியும். பொந்தில் உள்ளது நிழலில் இருக்கிறது, கிளையில் உள்ளதற்குப் பின்னால் வெயில். இரண்டும் ஒரே பச்சையாக இருந்தால்தான் நீங்கள் வட்டம் போட்டிருக்க வேண்டும்.

ஒன்பது வயது மகள் மரக்கிளையில் வைக்கோல் கூடு, அதற்குள் புள்ளி போட்ட முட்டை, பக்கத்தில் கிளி என்று கீறினாள். பாடசாலையில் பாராட்டுக் கிடைத்தது. உங்கள் படத்தைப் பார்த்ததும், "அம்மா, கிளி ஏன் ஓட்டைக்குள் இருக்கிறது?" என்கிறாள். என்ன சொல்ல? (கொட்டாஞ்சேனை வாசகி)

உள்ளதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். நம் ஊர்க் கிளி கூடு கட்டுவதில்லை, பொந்தில்தான் முட்டை இடும். மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்துவிட்டுப் போன ஓட்டை, கிளை முறிந்து உக்கிய இடம், தலை போன தென்னை, சில நேரம் பழைய கட்டடத்துச் சுவர்த் துவாரம்கூட. வாயிலை அலகால் கொறித்துப் பெரிதாக்கிக்கொள்ளும். முட்டை சுத்த வெள்ளை. பொந்தில் முட்டையிடும் பறவைகளில் நிறையவற்றுக்கு அப்படித்தான். இருட்டுக்குள் இருக்கும் முட்டைக்குப் புள்ளி போட்டு யாரிடமிருந்து மறைப்பது?

மகளின் படத்தைக் கிழிக்க வேண்டாம். அந்த வைக்கோல் கூட்டில் கிளிக்குப் பதிலாக வேறொரு பறவையை இருத்தச் சொல்லுங்கள். கிளிக்குப் பக்கத்து மரத்தில் ஒரு கறுப்பு வட்டம் போதும். அதற்குள் சிவப்பு அலகு மட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது கூட்டைவிட இலேசு. பொந்து வாயிலைச் சுற்றி மரப்பட்டை தேய்ந்து நிறம் மாறியிருப்பதையும் காட்டினால் நான் கைதட்டுவேன்.

இன்னொன்று. பட்டுப்போன மரம் என்று சொல்லி மதிலோரத்து மொட்டைத் தென்னையை உடனே வெட்டுகிறோம். வீட்டின்மேல் விழும் ஆபத்து இருந்தால் வெட்டத்தான் வேண்டும். ஆபத்தில்லாத மூலையில் நிற்பதை விட்டுவைத்தால் என்ன?

ஐபேட் வாங்க வசதி இல்லை. போனில் விரலால்தான் கீறுகிறேன். இதெல்லாம் சரிவருமா? (மட்டக்குளி, 17 வயது)

சரிவரும் தம்பி. போனில் ஐபிஸ் பெயின்ட், வீட்டில் பழைய கணினி இருந்தால் கிரிட்டா; இரண்டும் படம் கீறும் செயலிகள். கிரிட்டா முழுக்க இலவசம், அச்சுக்கு முன் நிறத்தைச் சரிபார்க்கும் வசதியும் அதில் உண்டு. விரலால் கீறும்போது கோடு நடுங்கினால் பிரஷ் அமைப்பில் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரைக் கூட்டுங்கள். ஆனால் இறகுக்கு முழுக்கக் கூட்டாதீர்கள், கம்பி மாதிரி ஆகிவிடும். கருவியைவிட முக்கியம், இறகை ஒவ்வொன்றாகக் கீறப் போகாதது. நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு தனித்தனியாகத் தெரியாது. சிறகிலும் வாலிலும் மட்டும் விளிம்புகளைக் காட்டினால் மிச்சத்தைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

கால் விரலைக் கவனியுங்கள். காக்காவுக்கு மூன்று முன்னே, ஒன்று பின்னே. கிளிக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. கிளையைப் பிடித்திருக்கும் கிளியை முன்னாலிருந்து பார்த்தால் ஒரு காலில் இரண்டு விரல்தான் தெரிய வேண்டும். கணினியே செய்துதரும் கிளிப் படங்களில் நான் முதலில் பார்ப்பதும் இந்த விரல்களைத்தான். பல தடவை சிரிப்பு வந்திருக்கிறது.

"இலவு காத்த கிளி"யை ஓவியமாக்க ஆசை. எந்த மரத்தைப் பார்த்துக் கீறுவது? கிளி எந்த நிலையில் இருக்க வேண்டும்? (வத்தளை வாசகர்)

நல்ல யோசனை. இதில் இரண்டு மரம் குழம்பிப் போகும். தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரம் ஒன்று. அதன் கிளைகள் அடுக்கடுக்காக, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் நீளும்; காய் முற்றும் காலத்தில் இலை உதிர்ந்து, மரம் முழுக்கப் பழுப்புக் காய்கள் மட்டும் தொங்கும். மற்றது பெரிய சிவப்புப் பூப் பூக்கும் முள்ளிலவு. அதன் பூவில் தேன் குடிக்கக் கிளி, மைனா, காகம் எல்லாம் வரும். பழமொழிக்குத் தேவை காய் என்பதால் முதல் மரத்தை எடுங்கள். இலை இல்லாத மரம் என்பது ஓவியருக்கு வசதி. பச்சை என்பது படத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும்.

கிளியின் நிலை பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் கிளிக்கு அநியாயம் செய்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம். கிளி காத்திருக்கிற சாதியே இல்லை. மாங்காய் பழுக்கும்வரை அது பொறுத்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா? காயாக இருக்கும்போதே கடித்து, கால்வாசி தின்று, மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கொய்யா வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். ஆகவே நீங்கள் சோகமான கிளியைக் கீறாமல், வெடித்த காயைக் காலில் தூக்கிப் பிடித்து, பஞ்சைத் துப்பிக்கொண்டு விதையைத் தேடும் கிளியைக் கீறினால் நான் முதல் ஆளாகப் பார்க்க வருவேன்.

பழத்தோடு கிளி வேண்டுமென்றால் வேம்பை யோசியுங்கள். சங்கப் பாடல் ஒன்றில், கிளியின் வளைந்த வாயில் இருக்கும் வேப்பம்பழம், புது நூல் கோக்கப் பொற்கொல்லன் கூரிய நகத்தில் பிடித்த பொற்காசுக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. சிவப்பு அலகு, மஞ்சள் பழம், பின்னால் கருகிய கள்ளிக்காடு. அந்தப் புலவருக்கு நிறம் தெரிந்திருக்கிறது. அலகை முழுக்கச் சிவப்பாக்கிவிட வேண்டாம். நம் பச்சைக்கிளிக்கு மேல் அலகுதான் சிவப்பு, கீழ் அலகு கறுப்புச் சாயல்.

எங்கள் தொடர்மாடிப் பல்கனிக்கு எதிரே உள்ள மரத்துக்கு வழக்கமான கிளியைவிடப் பெரிய கிளி வருகிறது. தோளில் சிவப்பு. யாராவது வளர்த்துத் தப்பியதா? (வெள்ளவத்தை வாசகர்)

தப்பியதாக இருக்க வேண்டியதில்லை. அது பெரிய பச்சைக்கிளி. கொழும்பில் அதையும் காணலாம். வழக்கமானது வாலோடு சேர்த்து 40 சென்டிமீற்றர் அளவில் இருக்கும். இது 60ஐத் தொடும். தோளில் கருஞ்சிவப்புத் திட்டு, இரண்டு அலகும் சிவப்பு, குரல் கட்டை. மகா அலெக்சாந்தரின் பெயரை இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் கிளி இனம் மொத்தம் ஐந்து. இந்த இரண்டும், செந்தலைக் கிளியும், இலங்கைக்கே உரிய இன்னும் இரண்டும். அந்த இரண்டில் ஒன்று சாம்பல் தலைக் கிளி, ஈரக் காடுகளில் இருப்பது. மற்றது, சிங்களத்தில் கிரா மலித்தா என்கிற குட்டிக்கிளி. 14 சென்டிமீற்றர்கூடத் தாண்டாது, உச்சந்தலை சிவப்பு, வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கித்தான் தூங்கும். அடுத்த படத்துக்கு அதைத்தான் நினைத்திருக்கிறேன். கொழும்பில் நின்று அதைக் கீற முடியாது, சிங்கராஜப் பக்கம் போக வேண்டும் என்று வீட்டில் மெதுவாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இணையத்தில் கிடைத்த ஒரு கிளிப் புகைப்படத்தைக் கீழ் லேயரில் வைத்து, அதன்மேல் அப்படியே கீறினேன். போட்டிக்கு அனுப்பலாமா? (கல்கிசை வாசகி)

அனுப்ப வேண்டாம். அந்தப் புகைப்படம் எடுத்தவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்துக்கும் பதிப்புரிமை தருகிறது. அனுமதி கேட்டு எழுதுங்கள். கொடுத்தால் அதையும் படத்தோடு சொல்லுங்கள். கை பழகுவதற்கு வீட்டில் வைத்துக் கீறுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

அதைவிட, பத்துப் படத்தைப் பார்த்து ஒன்றையும் பின்பற்றாமல் கீறுங்கள். நேரிலும் பாருங்கள். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது சும்மா இல்லை. தியசரு, பெத்தகான ஈரநிலப் பூங்காக்கள் எல்லாம் பஸ்ஸில் போகிற தூரம். இறகு அடுக்கு எப்படி என்று அசையாமல் பார்க்க வேண்டுமா, கொழும்புத் தேசிய அருங்காட்சியக வளவிலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம் செய்த பறவையின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இலங்கைப் பறவைகளை ஓவியமாக்கிய ஜி. எம். ஹென்றி அதே கொழும்பு அருங்காட்சியகத்தில் வேலை செய்தவர். ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1830இல் லண்டனில் உயிருள்ள கிளிகளைப் பார்த்துக் கீறத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. மட்டக்குளித் தம்பி இதையும் வாசிக்கட்டும்.

திரையில் மின்னிய பச்சை, அச்சடித்து வந்ததும் செத்துப் போயிருந்தது. கடைக்காரர் என் கோப்பில்தான் பிழை என்கிறார். (வத்தளை, வேறொரு வாசகர்)

இரண்டு பேரிலும் பிழை இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். மையில் பச்சை என்பது நீலமை, மஞ்சள்மை இரண்டின் கலவை. திரையின் பளீர்ப் பச்சையை அது எட்டாது. கிளி கீறுகிறவர்களுக்கு இது தலைவிதி. முதலிலேயே கோப்பை அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்வைகேயில் தொடங்குங்கள், அல்லது அச்சுத் தோற்றத்தைத் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கீறுங்கள். பச்சையை மேலும் ஏற்றிப் பயனில்லை. சுற்றியுள்ள இலைகளைக் கொஞ்சம் மங்கவிட்டு, பழுப்புப் பக்கம் தள்ளுங்கள். கிளி தானாக முன்னே வரும். என் படத்தில் மாரா இலைகள் மங்கலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவையும் பாருங்கள். ஏ3 தாளுக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். சமூக ஊடகத்துக்காக 1080 பிக்சல் அகலத்தில் கீறியதை நன்றாக அச்சடித்தால் 9 சென்டிமீற்றர்தான் வரும். பெரிதாக்கு என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை. ஒரு மூலையை மட்டும் மாதிரி அடித்துத் தரச் சொல்லிப் பார்த்துவிட்டு முழுவதையும் கொடுங்கள்.

என் படங்களையும் விற்க ஆசை. எங்கே தொடங்குவது? உங்கள் கிளிப் படத்தின் பிரதி என்ன விலை? (கொழும்பு 13 வாசகர்)

ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஆண்டுதோறும் நடக்கும் கலா பொலவுக்கு முதலில் பார்வையாளராகப் போங்கள். ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரிலான மன்றம் 1993 முதல் நடத்தும் திறந்தவெளிச் சந்தை அது. யார் என்ன அளவில், எந்தச் சட்டத்தில், என்ன விலைக்கு வைக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் விளங்கிவிடும். டிஜிட்டல் படம் விற்பவர்கள் எத்தனை பிரதி அடிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, ஒவ்வொன்றிலும் இலக்கம் போட்டுக் கையொப்பம் வைப்பது நல்லது. வாங்குபவருக்கு அது ஒரு நம்பிக்கை.

என் படத்தின் பிரதிக்கு ஆசிரியர் பீடத்தின் முகவரிக்கு எழுதுங்கள். தாளைப் பொறுத்து விலை மாறும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். "கம்பியூட்டர்தானே கீறியது" என்று பேச்சைத் தொடங்கினால் மட்டும் விலை கூடும்.